எட்டாவது பொத்தான்

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பூட்டு வந்தபோது அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்குப் பதிமூன்று. அதுவரை அந்தக் கதவில் ஒரு கொண்டி மட்டும்தான் இருந்தது. திருடிக்கொண்டு போக உள்ளே ஒன்றும் இல்லை. அம்மா களையெடுக்கப் போகும்போது நாய் நுழையாமல் இருக்க ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டுப் போவாள். அவ்வளவுதான் எங்கள் வீட்டின் காவல்.

ஊர் ரெட்டிபாளையத்துக்குப் பக்கம். சிமெண்ட் ஆலைக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கம் எங்கள் கொல்லையில் நின்று பார்த்தால் தெரியும். மதியத்தில் வெடி வைப்பார்கள். முதலில் சங்கு ஊதும். பிறகு தரை ஒரு தடவை குலுங்கும், பானை மூடிகள் கிணுகிணுக்கும். ஊரில் யாரும் அதற்காகப் பேச்சைக்கூட நிறுத்துவதில்லை. அக்காவுக்கு மட்டும் அது ஒவ்வொரு நாளும் புதிதாக விழுந்த இடி. சங்கு ஊதியதும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு திசை பாராமல் ஓடுவாள். அப்படி ஓடிய ஒரு நாள் அடிபம்பில் நின்ற சின்னக் குழந்தையின் மேல் மோதினாள். குழந்தை சிமெண்டுத் தரையில் விழுந்து நெற்றி பிளந்துவிட்டது.

அன்று சாயங்காலம் குழந்தையின் அப்பா நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அப்பாவும் பதிலுக்குக் கத்தியிருப்பார்.

"உங்க புள்ளய நீங்க கட்டிப்போடுறீங்களா மாமா, இல்ல நாங்க கட்டிப்போடணுமா?" என்று நிதானமாகக் கேட்டார்.

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு அரியலூர் போனார். பித்தளைப் பூட்டு ஒன்று வாங்கி வந்தார். மறுநாளிலிருந்து, அப்பா ஆலையில் மூட்டை ஏற்றப் போன பிறகு, நான் பள்ளிக்கூடம் போன பிறகு, அம்மா அக்காவை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். ஒரு தட்டில் சோறு, ஒரு சொம்பில் தண்ணீர். மதியம் சங்கு ஊதும்போது வீட்டுக்குள் அவள் எந்தப் பக்கம் ஓடுவாள் என்று நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து யோசிப்பேன். எங்கள் வீடு ஒரே அறை.

அக்கா பேசமாட்டாள். முணுமுணுப்பாள், ஒரே ராகத்தை நெடுநேரம் முனகுவாள், சந்தோஷம் வந்தால் கையை உதறுவாள். யார் முகத்தையும் நேராகப் பார்க்கமாட்டாள். ஊர் அவளைக் கிறுக்கி என்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மென்டல் என்றார்கள். திருச்சி ஆஸ்பத்திரியில் ஓர் அட்டையில் 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த எழுத்தை எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பாவும் அம்மாவும் என் முகத்தைப் பார்த்தார்கள். "உடம்புக்கு ஒண்ணும் இல்லன்னு போட்டுருக்கு" என்று சொன்னேன். அது பொய்கூட இல்லை.

அவளுக்கு ஒரே ஒரு வேலை இருந்தது. சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு எங்கள் ஊருக்கு ஒரு பஸ் வரும். அந்த நேரத்துக்குள் அம்மா திரும்பிப் பூட்டைத் திறந்திருப்பாள். தூரத்தில் ஹாரன் கேட்டதும் அடுப்படியில் இருந்தபடியே, "பஸ்ஸு வந்துருச்சு, பாப்பா வந்துட்டாளா பாரு" என்பாள். பாப்பா நான்தான். அக்கா ரோட்டுக்கு வருவாள். நான் இறங்கியதும் என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொள்வாள். பிறகு உள்ளங்கையை நீட்டுவாள். பஸ் டிக்கெட்டை அதில் வைக்க வேண்டும். அதை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, பையோடு முன்னால் நடப்பாள். டிக்கெட்டுகளை நிறம் பிரித்துக் கண்ணாடி பாட்டில்களில் போட்டு வைத்திருந்தாள். அந்த ஐந்து நிமிட நடைதான் அவளுக்கு ஒரு நாளில் கிடைத்த வெளி.

நான் படித்தவள். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதில்லை. பத்தாம் வகுப்பில் என் மதிப்பெண்ணை அப்பா ஆலை கேட்டில் நின்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சொன்னார். பெரம்பலூரில் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சேர்ந்தபோது எங்கள் தெருவே என்னைப் பார்க்கிற விதம் மாறியது. அதில் எனக்குப் பெருமை. அந்தப் பெருமையை நான் இன்றும் மறைக்க மாட்டேன். மறைக்க வேண்டியது வேறு. பாலிடெக்னிக்கில், "வீட்ல எத்தனை பேரு?" என்று யார் கேட்டாலும் "நான் ஒருத்திதான்" என்று சொன்னேன். மூன்று வருடமும் அப்படியே சொன்னேன். அந்தச் சாயங்கால பஸ்ஸில் என் வகுப்புப் பெண் ஒருத்தி கூட வந்த நாளில், எங்கள் ஊருக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிக்கொண்டேன். அன்று அக்கா இருட்டும் வரை ரோட்டில் நின்றாளாம்.

கடைசி வருடம் ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும். மற்றவர்கள் தானாக எரியும் தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் அலறும் மணி என்று எடுத்துக்கொண்டார்கள். திருச்சியில் உதிரிபாகம் விற்கும் கடையில் ஒரு சிப் பார்த்தேன். குரலைப் பதிந்து வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினால் திருப்பிச் சொல்லும். எட்டுப் பொத்தான், எட்டு வாக்கியம், ஒவ்வொன்றும் ஏழு விநாடி. கடைக்காரர் அதைப் பேசும் பொம்மைக்கு வைப்பது என்றார். எனக்குக் கடைக்குள் நிற்கும்போதே வீட்டுக் கதவில் தொங்கும் பூட்டுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

நீல நிறப் பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா ஒன்றில் அதைப் பொருத்தினேன். மூடியில் எட்டுப் பொத்தான். ஒவ்வொன்றின் மேலும் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து வெட்டி ஒட்டிய படம். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு வார். உள்ளே நாலு பென்சில் செல்.

அப்பாவிடம் காட்டினேன். அவர் இமையில் இன்னும் சிமெண்டுத் தூள் இருந்தது.

"என்னத்த பேசும் இது?"

"அக்காவுக்கு வேணுங்கறதப் பேசும்ப்பா. படத்தப் பாத்து அமுக்குனா போதும்."

"அவ அமுக்குவாளா?"

"பழக்கிட்டா அமுக்குவா. அவ பேசிட்டான்னா யாரும் கிறுக்கின்னு சொல்ல மாட்டாங்க. பயப்படவும் மாட்டாங்க."

அப்பா டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாலு பேரு முன்னால ஒழுங்கா நின்னு இதைப் பேச வச்சுட்டான்னா, அன்னைக்கே பூட்டக் கழட்டிக் கெணத்துல போட்டுடறேன். போ."

இந்தச் சொல்லுக்காகத்தான் நான் வேலை செய்தேன். மார்க்குக்காக அல்ல. அப்படித்தான் அப்போது நம்பினேன்.

வாக்கியங்களை ஒரு நோட்டில் எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். படிப்பு விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து என் குரலில் பதிந்தேன். 'வணக்கம். நலமாக இருக்கிறீர்களா?' 'எனக்குத் தண்ணீர் வேண்டும்.' 'எனக்குப் பசிக்கிறது.' 'நான் கழிவறை செல்ல வேண்டும்.' 'சத்தம் எனக்கு ஆகாது, தயவுசெய்து மன்னிக்கவும்.' 'என்னால் பேச இயலாது, நீங்கள் பேசுவது எனக்குப் புரியும்.' ஏழாவது, 'நான் யாருக்கும் தீங்கு செய்ய மாட்டேன்.'

அம்மா ஒவ்வொன்றையும் அழுத்திக் கேட்டாள்.

"யாருடி இது, கலெக்டர் ஆபீசு மைக்குல பேசுற மாதிரி இருக்கு?"

"நான்தாம்மா."

"நீயா? இந்த வூட்ல யாரும் இப்பிடிப் பேசுனதில்லயே." பிறகு நாலாவதை அழுத்திவிட்டு ஒரேயடியாகச் சிரித்தாள். "கழிவறைக்கு எங்கடி போவா? ஊருக்கே காடுதான். காட்டுக்குப் போவணும்னு சொல்லச் சொல்லு."

"அதெல்லாம் நாலு பேரு முன்னால சொல்ல முடியாதும்மா."

இதை எழுதும்போது அந்த ஏழு வாக்கியங்களையும் திரும்பப் பார்க்கிறேன். தண்ணீரும் பசியும் போக மற்ற எல்லாம் ஊரின் காதுக்காக எழுதியவை. அக்கா தண்ணீர் வேண்டுமென்றால் தானே போய் மொண்டு குடிப்பாள். அதற்கும் அவளுக்குப் பெட்டி தேவையில்லை.

எட்டாவதற்கு வாக்கியம் கிடைக்கவில்லை. மைக் எவ்வளவு தூரத்துச் சத்தத்தை இழுக்கிறது என்று பார்க்க அந்தப் பொத்தானில் சும்மா பதிந்துகொண்டிருந்தேன். அந்த நேரம் ரோட்டில் ஹாரன் கேட்டது. அடுப்படியிலிருந்து அம்மா பழக்கத்தில், "பஸ்ஸு வந்துருச்சு, பாப்பா வந்துட்டாளா பாரு" என்றாள். உடனே நினைவு வந்து, "அட, நீ வூட்லதான் கெடக்குறியா!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பின் பாதியில் ஏழு விநாடி முடிந்தது.

அதை அழிக்காமல் விட்டேன். பொத்தானின் மேல் படமும் ஒட்டவில்லை. அக்கா ஒரு நாள் அதை அழுத்தினாள். குரல் வந்ததும் கையை உதறினாள். மறுபடி அழுத்தினாள். பிறகு அதை விடவே இல்லை.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பொரி உருண்டையைக் காட்டிக் காட்டி முதல் பொத்தானை அழுத்தப் பழக்கினேன். ஆள் வந்தால் வணக்கம். அழுத்தினால் பொரி உருண்டை. இரண்டு மாதத்தில் தண்ணீரும் பசியும்கூட வந்துவிட்டன. பழகி முடிந்து பொரி உருண்டை கையில் வந்ததும் திரும்பவும் எட்டாவதற்குத்தான் போவாள்.

கீழப்பழுவூரில் மாமா வீட்டுக் காதுகுத்து வந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. எந்த விசேஷத்துக்கும் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனதில்லை. அம்மா போனால் அப்பா வீட்டில் இருப்பார், அப்பா போனால் அம்மா. இந்தத் தடவை நான் பிடிவாதம் பிடித்தேன். நாலு பேர் என்று அப்பா சொன்னாரே, நானூறு பேர் முன்னால் பேசட்டும் என்றேன். அக்காவுக்குப் பச்சைப் பாவாடையும் தாவணியும் கட்டி, தலை நிறைய கனகாம்பரம் வைத்து, கழுத்தில் பெட்டியை மாட்டிக் கூட்டிப் போனோம். அப்பா பூட்டையும் சாவியையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டார். "ஏம்ப்பா?" என்றேன். "திரும்பி வர்றப்போ கெணத்துல போடணுமே" என்றார். அவர் அப்படிச் சிரித்துப் பேசி நான் கேட்டது அபூர்வம்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பந்தல் ஓரத்தில் அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து நான் பக்கத்தில் நின்றேன். சொந்தக்காரப் பெண்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள்.

"இதான் பெரியவளா? கண்ணு மூக்கெல்லாம் லட்சணமாத்தான இருக்கு."

அக்கா முதல் பொத்தானை அழுத்தினாள். 'வணக்கம். நலமாக இருக்கிறீர்களா?'

"அடி ஆத்தே! நல்லா இருக்கேன் தாயி, நல்லா இருக்கேன்!" அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஏய், இங்க வாங்கடி, இந்தப் புள்ள பேசுறதக் கேளுங்க."

"எங்க வூட்டுக்காரருக்கும் ஒண்ணு செஞ்சு குடு பாப்பா. சம்பளம் எங்கன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறாரு."

"உம் புருசனுக்கு எட்டுப் பொத்தான் எதுக்கு? 'தெரியாது'ன்னு ஒண்ணு போதும்."

சிரிப்பு. அக்காவைச் சுற்றி நின்று யாராவது சிரித்து, அது அவளைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பாக இல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. அம்மா தூரத்தில் வெற்றிலைத் தட்டோடு நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன்.

அப்போது மாமா வந்து என்னைக் கூப்பிட்டார். பக்கத்து ஊர் தலைமையாசிரியர் ஒருவர் வந்திருந்தார். இந்தப் பெட்டியைச் செய்த பெண்ணைப் பார்க்க வேண்டும் என்றாராம். பந்தலின் அந்தக் கோடியில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனேன். ஒருவர் எழுந்து எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். எங்கள் வீட்டு ஆட்களுக்கு அப்படிப்பட்டவர்கள் நாற்காலி இழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தேன். சிப் எப்படிக் குரலைப் பதிகிறது என்று விளக்க ஆரம்பித்தேன்.

காது குத்தும் நேரம் வந்து மேளம் எழுந்தது. சத்தத்துக்கு ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்துவாள் என்று நினைத்துக்கொண்டே பேசினேன். மேளத்துக்கு நடுவில் அம்மாவின் குரல் கேட்டது. "பஸ்ஸு வந்துருச்சு, பாப்பா வந்துட்டாளா பாரு. அட, நீ வூட்லதான் கெடக்குறியா!" சிரிப்பு. மறுபடியும் அதே. மறுபடியும்.

"எந்த பஸ்ஸு தாயி? அரியலூர் பஸ்ஸா, திருச்சி பஸ்ஸா?" என்று யாரோ கேட்டார்கள்.

"மாப்ள வர்ற பஸ்ஸுடா!"

"பொட்டிக்கும் புத்தி பெரண்டுருச்சுடோய்!"

இப்போது வந்த சிரிப்பு எனக்குப் பழக்கமான பழைய சிரிப்பு.

"ஏதோ கோளாறு போல இருக்கே?" என்றார் தலைமையாசிரியர்.

"ஆமா சார். ஒரு பொத்தான்ல மட்டும்" என்றேன்.

வேகமாகப் போனேன். அக்கா எழுந்து நின்று எட்டாவதை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தாள். காதைப் பொத்தக்கூட இல்லை. பெட்டியைப் பிடித்து இழுத்தேன். அவள் என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. "விடு! சும்மா இரு! மானத்த வாங்காத!" என்று அவள் காதுக்குள் சொன்னேன். வார் அறுந்தது. அவள் தன் கையையே கடித்துக்கொண்டு அலறினாள். மேளக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். எல்லோரும் நிறுத்திய பிறகு அவள் சத்தம் மட்டும் பந்தலில் இருந்தது.

சாப்பிடாமல் கிளம்பினோம். அப்பா வழி முழுக்க மஞ்சள் பையை மடியில் வைத்திருந்தார். மறுநாள் காலை பூட்டு அதன் இடத்தில் தொங்கியது.

அந்த வாரமே எட்டாவது பொத்தானில் இருந்ததை அழித்தேன். என் குரலில் 'மிக்க நன்றி' என்று பதிந்தேன். கும்பிடும் கை படம் ஒன்றை ஒட்டினேன். அக்கா அதை அழுத்தினாள். நன்றி என்றது. மறுபடி அழுத்தினாள். நன்றி. பெட்டியைக் காதோடு வைத்து உலுக்கினாள். பிறகு டிக்கெட் பாட்டில்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். எந்தப் பொத்தானையும் தொடவில்லை. பொரி உருண்டைக்கும் வரவில்லை. நானும் விட்டுவிட்டேன். புராஜெக்ட் இப்போது குறையில்லாமல் இருந்தது.

பெரம்பலூரில் தேர்வு நாளன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எட்டுப் பொத்தானையும் அழுத்திக் கேட்டார். "ரொம்ப நல்ல சிந்தனைம்மா. இது யாருக்காகச் செஞ்ச?" என்றார்.

வகுப்பில் எல்லோரும் இருந்தார்கள். "பக்கத்து ஊர்ல ஒரு பொண்ணு, பேஷண்ட் சார்" என்றேன்.

"அந்தப் பொண்ணு குடுத்து வச்சவ" என்றார்.

அந்த வருடத்தின் சிறந்த புராஜெக்ட் என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தை அப்பா சட்டம் போட்டு மாட்டினார். படத்தின் பக்கத்துச் சுவரில்தான் அக்கா நாள் முழுக்கச் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். இப்படிப்பட்டவர்களைப் பற்றி மக்களுக்கு இருக்கும் வெட்கத்தைப் போக்க ஒரு கருவி செய்தேன் என்று புராஜெக்ட் அறிக்கையில் எழுதியிருந்தேன். அந்த வெட்கம் இருந்த முதல் ஆள் யார் என்று அதில் எழுதவில்லை.

சென்னைக்கு வெளியே கைபேசி செய்யும் ஆலை ஒன்றில் வேலை கிடைத்தது. வரிசையாக வரும் ஒவ்வொரு போனையும் காதில் வைத்து, குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று சோதிப்பது என் வேலை. பழைய பெட்டியில் புதுச் செல்களைப் போட்டு, அக்கா பக்கத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா ஊர்க் கடையில் இருந்த காசு போட்டுப் பேசும் போனிலிருந்து கூப்பிடுவாள். அக்காவைப் பற்றி நான் கடைசியில்தான் கேட்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன்.

"என்ன பண்றா? சாயங்காலமானா அந்தப் பொட்டியத் தூக்கிக்கிட்டு ரோட்டுல போயி நிக்கிறா. பஸ்ஸு வந்தா அமுக்குறா. 'மிக்க நன்றி'ங்குது. எல்லாரும் எறங்கிப் போனப்புறமும் அமுக்கிக்கிட்டே நிக்கிறா. கண்டக்டரு சிரிக்கிறாரு. எதுக்கும்மா எனக்கு நன்றி, நான் என்ன செஞ்சுட்டேன்னு."

"இன்னுமா பஸ்ஸுக்குப் போறா? நான்தான் இல்லையேம்மா."

"நீ இல்லாததாலதான் போறா. முன்னெல்லாம் அதை அமுக்குனா நான் பேசுவேன்ல, பாப்பா வந்துட்டாளா பாருன்னு. அதத் தேடுறாடி. உன்னயத்தான் கேக்குறா." அம்மா இதை ஒரு கண்டுபிடிப்பு போலச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பது மாதிரி சொன்னாள். "கேக்குதா? இன்னொரு காசு போடவா?"

கீழப்பழுவூர்ப் பந்தல் கண்முன் வந்தது. பக்கத்தில் நின்றிருந்த நான் காணாமல் போயிருந்தேன். முன்பின் தெரியாத முகங்கள், மேளம். அவளிடம் எட்டு வாக்கியம் இருந்தது. ஏழு வாக்கியத்தை விட்டுவிட்டு, சரியான ஒன்றை எடுத்து, நானூறு பேர் முன்னால் திரும்பத் திரும்பக் கேட்டாள். பாப்பா வந்துட்டாளா பாரு. நான் வந்ததும் அவள் கை போனது பெட்டிக்கு அல்ல. என் மணிக்கட்டுக்கு. அவள் பிறந்ததிலிருந்து ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டதை, கோளாறு என்று சொல்லி என் கையால் அழித்திருக்கிறேன்.

நாலு நாள் லீவு கேட்டு வாங்கினேன். ரயிலில் அரியலூர் வந்து, அங்கிருந்து காலையில் வீடு சேர்ந்தேன். அக்கா என் கையை மோந்து பார்த்தாள், அவ்வளவுதான். சாயங்காலம் ஹாரன் கேட்டதும் பெட்டியோடு ரோட்டுக்குப் போனாள். நான் கூடவே போனேன். பஸ் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு அழுத்தினாள். 'மிக்க நன்றி.' "அக்கா, நான் இங்கதான் இருக்கேன்" என்று அவள் தோளைத் தொட்டேன். அவள் விலகி நின்று கடைசி ஆள் இறங்கும் வரை பார்த்தாள்.

மறுநாள் அம்மாவை உட்கார வைத்து மைக்கை நீட்டினேன்.

"அன்னைக்குச் சொன்ன மாதிரியே சொல்லும்மா."

அம்மா தலைமுடியை ஒதுக்கினாள். தொண்டையைச் செருமினாள். "பஸ் வந்துவிட்டது. பாப்பா வந்துவிட்டாளா, பார்" என்றாள்.

"ஏம்மா இப்பிடிப் பேசுற?"

"மிஷினுக்கு இப்பிடித்தான பேசணும்? நீ அப்பிடித்தான பேசியிருக்க."

ஐந்தாறு தடவை பதிந்தோம். சொற்கள் கடைசியில் சரியாக வந்தன. சிரிப்பு வரவில்லை. சிரிக்கச் சொன்னால் அம்மாவுக்கு அழுகைதான் வந்தது. அக்கா ஒரு தடவை அழுத்தினாள், காதில் வைத்துக் கேட்டாள், கீழே வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் என் பழைய காலேஜ் பையில் இரண்டு புத்தகத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு முந்தின ஸ்டாப் வரை நடந்தேன். ஐந்தே முக்கால் பஸ் அங்கே வந்ததும் ஏறினேன்.

"அடுத்த ஸ்டாப்புக்கா? நடந்தே போயிருக்கலாமேம்மா" என்றார் கண்டக்டர்.

"டிக்கெட் வேணும்ணே" என்றேன்.

எங்கள் ஊரில் இறங்கினேன். அக்கா நின்றிருந்தாள். கையை உதறினாள். பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளங்கையை நீட்டினாள். டிக்கெட்டை வைத்தேன். மோந்து பார்த்துவிட்டு முன்னால் நடந்தாள். பின்னால் நடந்த எனக்குப் பாதை சரியாகத் தெரியவில்லை.

அன்று அப்பாவிடம் பூட்டைப் பற்றிக் கேட்டேன்.

"பொட்டி பேசட்டும்னு சொன்னேன். பேசத்தான் செஞ்சுது. இப்ப நீயும் அங்க இருக்க. அம்மாளும் நானும் வேலைக்குப் போவணும். சங்கு ஊதுனா இவ ஓடுவா. அன்னைக்குக் கொழந்த. நாளைக்கு லாரி வரும். யாரு பாத்துக்குறது, சொல்லு."

வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. நாற்காலி இழுத்துப் போட்ட கை நினைவுக்கு வந்தது. மாதாமாதம் என் பெயர் அச்சடித்து வரும் சம்பளச் சீட்டு நினைவுக்கு வந்தது.

திங்கட்கிழமை காலை அம்மாவுக்கு நடவு வேலை, விடியும்போதே போய்விட்டாள். அப்பாவும் ஷிப்டுக்குப் போய்விட்டார். நான் எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தட்டில் சோறு வைத்தேன், சொம்பில் தண்ணீர் வைத்தேன். அக்கா சுவரில் சாய்ந்து நேற்று முன்தினத்து டிக்கெட்டைப் பாட்டிலுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அந்தப் பூட்டை அத்தனை வருடத்தில் நான் ஒரு நாளும் பூட்டியதில்லை. நான் எப்போதும் முன்னதாகக் கிளம்பிவிடுகிறவள். கையில் எடுத்தபோதுதான் அது எவ்வளவு கனம் என்று தெரிந்தது. பூட்டினேன்.

தூரத்தில் ஹாரன் கேட்டது. என் பஸ்.

உள்ளே பொத்தான் அழுந்தும் சத்தம். கதவுக்கு மிக அருகில், அம்மாவின் விறைப்பான புதுக் குரல். "பஸ்ஸு வந்துருச்சு. பாப்பா வந்துட்டாளா பாரு."

சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடி அழுத்தினாள். சிரிப்பு இல்லாத அந்தக் குரலையே இப்போது ஏற்றுக்கொண்டிருந்தாள், வேறு இல்லாததால். மூன்றாம் தடவையும் கேட்டாள்.

சாவியை அம்மா எடுக்கும் இடத்தில், கூரை இடுக்கில் வைத்தேன். பையை நானே தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தேன்.